டீ மெஷினில் தொங்கிய சிவப்பு அட்டை

ஓசூர் சிப்காட்டில் பிரேக் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனி. அதன் மனிதவள அதிகாரி பிரதாப், தன் அறைக் கதவில் பெயருக்குக் கீழே 'மகிழ்ச்சித் தலைவர்' என்று பொறித்து வைத்திருந்தார். கதவு பெரும்பாலும் சாத்தியே இருக்கும்.

போன மாதம் அவர் 'வேலைச் சோர்வை அடையாளம் காண்போம்' என்று ஒரு கூட்டம் நடத்தினார். சாப்பாட்டு நேரத்தில் நடத்தினால் உற்பத்தி குறையாது என்பது அவருடைய சொந்தக் கண்டுபிடிப்பு. மறதி, எரிச்சல், தூக்கக்கேடு என்று திரையில் ஓடிக்கொண்டிருந்தபோது, பராமரிப்புப் பிரிவு சிவராஜ் முன்வரிசையில் உட்கார்ந்தபடியே தூங்கிப்போனார். பிரதாப் அதைப் போட்டோ எடுத்து, 'தியானத்தில் நம் ஊழியர்' என்று நோட்டீஸ் போர்டில் மாட்டினார்.

சிவராஜ் லீவு எடுத்து வருஷமாகிறது. தகடு அழுத்தும் மெஷினைக் காட்டி, "நான் இல்லன்னா பிரஸ் ஓடாது" என்பார். வீட்டில் மனைவி பிரியதர்ஷினி மிக்ஸி போட்டால், "பேரிங் போச்சு, நிறுத்துடி!" என்று கத்துவார். ஒரு நாள் சாமி கும்பிட்டு முடிக்கும்போது "ஓகே சார்" என்றார். இதற்கெல்லாம் பொறுப்புணர்ச்சி என்று பெயர் வைத்திருந்தார்.

கம்பெனியில் ஒரு விதி உண்டு. மெஷினைப் பழுது பார்ப்பவர் கரண்டை நிறுத்திவிட்டு, தன் பெயர் எழுதிய சிவப்பு அட்டையை அதில் மாட்ட வேண்டும். மாட்டியவரைத் தவிர யாரும் கழற்றக் கூடாது. முதலாளியே வந்தாலும் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

வெள்ளிக்கிழமை காலை பிரஸ்ஸில் எண்ணெய் கசிந்தது. சிவராஜ் போனார். சுவிட்சை நிறுத்தினார். அட்டையை மாட்டினார். பிரஸ்ஸுக்குள் கையை நீட்டினார்.

அதே பிரிவின் ஜெபசீலி பாய்ந்து வந்து பிரஸ்ஸை நிறுத்தினார். "அண்ணா! கைய எடுங்கண்ணா! ஓடிகிட்டு இருந்துச்சு!"

"அதான் நிறுத்திட்டன்மா."

"நீங்க நிறுத்துனது டீயண்ணா."

சிவராஜ் திரும்பிப் பார்த்தார். அடுத்திருந்த டீ மெஷினில் அவர் பெயர் எழுதிய அட்டை நிம்மதியாக ஆடிக்கொண்டிருந்தது. சிரிக்கத்தான் நினைத்தார். கையை வெளியே எடுத்து, விரல்களை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தார்.

"லீவு போடுங்கண்ணா. இல்லன்னா அடுத்த தடவ கை மிஞ்சாது."

"பிரதாப் சார் தரமாட்டாரும்மா. போன வாரம் கேட்டதுக்கு, உனக்குத்தான் தியானம் நல்லா வருதேன்றாரு."

ஜெபசீலி ஒரு சிவப்பு அட்டையில் தன் பெயரை எழுதி, சிவராஜின் சட்டைப் பொத்தானில் மாட்டினார்.

சரியாக அப்போதுதான், பெங்களூர் தலைமை அலுவலகத்திலிருந்து ஆய்வுக்கு வந்த பாதுகாப்பு அதிகாரி சுவாதியை அழைத்துக்கொண்டு பிரதாப் உள்ளே வந்தார். வழியில் நோட்டீஸ் போர்டைக் காட்டியிருந்தார். "இவர் தூங்கறாரு அல்லவா ரீ?" என்று சுவாதி கன்னடம் கலந்த தமிழில் கேட்டது அவர் காதில் விழவில்லை.

"என்னய்யா இது கூத்து? கழட்டு!" என்றார் பிரதாப்.

"நான் மாட்டலைங்க சார், நான் எப்படிக் கழட்டறது?" என்றார் சிவராஜ்.

ஜெபசீலி நடந்ததைச் சொன்னார். சுவாதி டீ மெஷினைப் பார்த்தார், பிரஸ்ஸைப் பார்த்தார், சிவராஜின் கண்களைப் பார்த்தார். அங்கே தியானம் எதுவும் தென்படவில்லை.

"ரூல்னா ரூல்தான் ரீ," என்றார். "மாட்டினவங்கதான் கழட்டணும். எப்பம்மா கழட்டுவே?"

"ஊர்ல, கல்லாவியில தங்கச்சி கல்யாணம் மேடம். ஷிப்ட் முடிஞ்சதும் கெளம்பறன். செவ்வாக்கிழமதான் வருவன்."

சுவாதி சிவராஜைக் கைகாட்டினார். "அது வரைக்கும் இந்த மெஷின் ஓடக்கூடாது. வீட்டுக்கு அனுப்புங்க, பிரதாப்."

போகும் வழியில் சிவராஜ் பழக்கதோஷத்தில் டீ மெஷின் அட்டைக்குக் கை நீட்டினார்.

"தொடாதீங்கண்ணா!" என்றார் ஜெபசீலி. "நீங்களே சர்வீஸ்ல இருக்கறீங்க."

மத்தியானத்துக்குள் ஜெபசீலி கசிவை அடைத்து, பிரஸ்ஸை ஓட்டிவிட்டார். அது முன்னைவிடச் சத்தமில்லாமல் ஓடியது. சிவராஜுக்கு இதை யாரும் சொல்லவில்லை, மனசு கஷ்டப்படுவார்.

சனிக்கிழமை மாலை மகிழ்ச்சித் தலைவருக்குத் தலை வலித்தது. முந்தின நாளிலிருந்து கம்பெனியில் டீ இல்லை. சிவராஜின் வீட்டுக்குப் போன் போட்டார்.

"அவரு தூங்கறாருங்க சார்," என்றாள் பிரியதர்ஷினி.

"ஒரு அஞ்சு நிமிஷம் வந்து அந்த டீ மெஷின் அட்டைய மட்டும் கழட்டிட்டுப் போகச் சொல்லும்மா."

"கழட்டலாங்க சார். ஆனா அவரு மேல இருக்கறத மொதல்ல ஜெபசீலி வந்து கழட்டணுமே?"

சொல்லிவிட்டு அவள் மிக்ஸியைப் போட்டாள். உள்ளறையிலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை.