பூஜையில் வைத்த பை

என் பை ஒன்பது கிலோ. எங்கள் ஊதுபத்திக் கம்பெனியின் தராசிலேயே நிறுத்துப் பார்த்திருக்கிறேன். காயத்துக்குக் கட்டும் துணி, கத்தரி, டார்ச், விசில், முகமூடி, கயிறு, குளுக்கோஸ், தீயை அமுக்கும் போர்வை, எல்லாம் உள்ளே உண்டு. ஆறு வருஷமாக அதைத் தோளில் மாட்டிக்கொண்டுதான் மைசூரில் பஸ் ஏறி இறங்குகிறேன். கம்பெனியில் யாருக்காவது மயக்கம் வந்தால் "பஞ்சவர்ணக்காவைக் கூப்பிடு" என்பார்கள். அந்த ஒரு பேச்சுக்காகத்தான் சுமந்தேன். இதில் மறைக்க என்ன இருக்கிறது?

அதற்கு உலை வைக்க வந்தாள் தமிழ்ப்ரியா. வயது இருபத்திரண்டு. பேக்கிங் பிரிவில் சேர்ந்து அப்போது நாலு மாதம்தான் ஆகியிருந்தது. காலேஜில் என்.சி.சி.யில் இருந்தாளாம். டிபன் டப்பாவைத் தவிர வேறொன்றும் கொண்டுவர மாட்டாள். ஜூலையில் தீ ஒத்திகை நடந்தது. மணி அடித்ததும் நாற்பது பேரை வரிசையாக வாசலுக்குக் கொண்டுபோய் எண்ணியும் முடித்துவிட்டாள். நான் அப்போது பைக்குள் விசிலைத் தேடிக்கொண்டிருந்தேன். அது குளுக்கோஸ் டப்பாவுக்கு அடியில் கிடந்தது.

எல்லோரும் சிரித்தார்கள். மேனேஜர் முரளிதரன் சாரும் சிரித்தார். அவள் மட்டும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தாலாவது மன்னித்திருப்பேன்.

அதற்குப் பிறகு யாருக்கு விரல் கிழிந்தாலும் அவளிடம்தான் ஓட்டம். பாப்பம்மாள்கூட! கௌதள்ளியிலிருந்து வந்து, பதினோரு வருஷமாக என் பக்கத்து மேஜையில் பத்தி கட்டுகிறவள். எனக்கு வயிறு எரியாமல் என்ன செய்யும்?

ஆயுத பூஜையன்று அவசரக் குழுவுக்குத் தலைவரை அறிவிப்பதாக சார் சொல்லியிருந்தார். தலைவருக்குக் கையில் கட்டிக்கொள்ள ஒரு சிவப்புப் பட்டை. அது எனக்கு வேண்டும். அவளுக்குப் போகக் கூடாது. இரண்டில் எது பெரிய ஆசை என்று கேட்டால், இரண்டாவதுதான்.

பூஜையன்று மெஷின், தராசு, கத்தி எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்தோம். நான் என் பையை சாமி படத்துக்கு நேர் முன்னால் வைத்து, வாயை மூடி மூன்று சுற்று நூல் கட்டி, இரண்டு முழம் சாமந்தியும் சுற்றினேன். சார் கும்பிட வரும்போது கண்ணில் படட்டுமே.

தமிழ்ப்ரியா பார்த்துவிட்டு வந்தாள். "பேடாக்கா, பையை அங்க வைக்காதீங்க. விளக்கு எரியுது, கற்பூரம் இருக்கு, இத்தனை பேர் நிக்கிறாங்க. இன்னைக்குத்தான் அது கைக்கு எட்டணும்."

"பூஜையில வெச்சத நாளைக்கு மறுபூஜை ஆனப்புறம்தான் தொடணும். உனக்கு எதுக்குடி பை? கை இருந்தாப் போதுமே!"

"கை மட்டும் போதும்னு நான் எப்போ சொன்னேன்?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

ஆரத்தித் தட்டு சுற்றி வந்தது. பாப்பம்மாள் கண்ணில் ஒற்றிக்கொள்ளக் குனிந்தாள். புது பாலியஸ்டர் புடவையின் முந்தானை குத்துவிளக்கில் விழுந்ததை அவள் பார்க்கவில்லை. சூடு தெரிந்ததும் ஓட ஆரம்பித்தாள். ஓடினால் தீ இன்னும் பிடிக்கும் என்று முதலுதவி வகுப்பில் படித்தவள் நான். வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். தமிழ்ப்ரியா பாய்ந்து அவள் இடுப்பைப் பிடித்து, தரையில் சாய்த்து உருட்டினாள். மேலே தீ அணைந்தது. கால் பக்கத்து மடிப்பில் மட்டும் புடவை உருகி ஒட்டிக்கொண்டு எரிந்தது.

"அக்கா, போர்வை! பேகா, பேகா! சீக்கிரம்!"

பை என் காலடியில்தான் இருந்தது. போர்வை உள்ளே எல்லாவற்றுக்கும் மேலே இருப்பது தூக்கத்தில் கேட்டாலும் எனக்குத் தெரியும். எல்லோர் கண்ணும் பாப்பம்மாள் மேல் இருந்தது; நான் அசையவில்லை. பூஜையில் வைத்ததை எடுக்கத் தயங்கினேன் என்று சொல்லலாம். சாமி மேல் பழி போடுவது சுலபம். நான் நினைத்தது அது இல்லை. கையாலேயே அணைக்கட்டுமே, பார்க்கலாம் என்று நினைத்தேன்.

"அக்கா!" என்று மறுபடி கத்தினாள்.

மூன்றாவதாகக் கூப்பிட்டது பாப்பம்மாள். "பஞ்சவர்ணம்!" என்று அவள் அலறியதும்தான் எனக்கு உறைத்தது. மாலையைப் பிய்த்தேன். நூலைப் பல்லால் கடித்து அறுத்தேன். போர்வையை வீசினேன். தமிழ்ப்ரியா அதைக் காலில் சுற்றி அமுக்கினாள். தீ நின்றது. யாரோ மஞ்சளை அள்ளிக்கொண்டு ஓடி வந்தார்கள். அவள் தடுத்துவிட்டு, குழாய்த் தண்ணீரில் இருபது நிமிஷம் அந்தக் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

கணுக்காலுக்கு மேல் உள்ளங்கை அகலத்துக்குப் புண். இன்னும் கொஞ்சம் முன்னால் மூடியிருந்தால் இவ்வளவு ஆழம் போயிருக்காது என்றார் டாக்டர்.

தசரா லீவு முடிந்ததும் சார் ரிப்போர்ட் எழுத எங்கள் இருவரையும் கூப்பிட்டார். "நீ கேட்டதும் போர்வை வந்துச்சா?" என்று அவளிடம் கேட்டார்.

தமிழ்ப்ரியா என்னை ஒரு பார்வை பார்த்தாள். "உடனே வந்துச்சு சார். அந்தப் பை இல்லேன்னா என்னால ஒண்ணும் ஆகியிருக்காது."

சிவப்புப் பட்டை எனக்கு வந்தது. பாப்பம்மாள் வேலைக்குத் திரும்பிய அன்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீ நல்லா இருப்ப கண்ணு. உன்ற பைதான் என்னையக் காப்பாத்துச்சு."

சாப்பாட்டு நேரத்தில் தமிழ்ப்ரியாவைக் குழாயடியில் மறித்தேன். "எதுக்குடி பொய் சொன்ன?"

"நீங்க நின்னதப் பார்த்தேன்கா." அவள் குரலில் கோபம் இருந்தது. "சொல்லியிருந்தா நீங்க பையக் கொண்டுவர்றத விட்டுருவீங்க. அடுத்த தடவை யாருக்காவது ஆச்சுன்னா, எனக்கு அந்தப் பை வேணும்."

டப்பாவைக் கழுவிக்கொண்டு போய்விட்டாள். என்னை அவளுக்குப் பிடிக்கவில்லை. இருந்தும் அடுத்து விழப்போகிறவளுக்காக என் பெயரைக் காப்பாற்றினாள். அந்தப் புத்தியும் அவளுக்குத்தான் முதலில் வந்தது. பொறாமை போகும் என்றா நினைக்கிறீர்கள்? கூடித்தான் இருக்கிறது.

விசில் இப்போது என் கழுத்தில் தொங்குகிறது. போர்வை சுவரில், ஆணியில். பத்தி கட்டும்போது பாப்பம்மாள் அடிக்கடி குனிந்து அந்தத் தழும்பைத் தடவிக்கொள்கிறாள். அதில் என் பங்கு எவ்வளவு என்று தெரிந்தவர்கள் இரண்டே பேர்.