ஒத்த மூளை, மூணு கிகாஹெர்ட்ஸ்

இரண்டு மூளையை வைத்துக்கொண்டு உருப்பட்ட பொருள் உலகத்தில் ஒன்றுகூடக் கிடையாது என்று காளிராஜ் அறிவித்தான். கல்லூரி கேன்டீனில், வடையைச் சட்னியில் தோய்த்தபடி, கொஞ்சமும் சிரிக்காமல். அவன் கம்ப்யூட்டரில் இருப்பது சிங்கிள் கோர், அதாவது ஒற்றை மூளை, வேகம் மூன்று கிகாஹெர்ட்ஸ். எங்களோடு படிக்கும் ஹரி புதிதாக வாங்கியது டூயல் கோர், இரட்டை மூளை. ஆனால் வேகம் ஒன்று புள்ளி எட்டுதான். எது பெரிது என்று ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகூடச் சொல்லிவிடும் என்றான். ஆதாரத்துக்கு அவன் வீட்டுத் தறிக்கூடத்தை இழுத்தான்.

"முத்துமாரியம்மா அக்கா ஒத்த ஆளா நாலு தறி பாக்குறாக. அங்க ரெண்டாவது ஆளுக்கு என்ன சோலி? கேமுக்கும் அப்படித்தாம்லே. ஒத்த மூளை போதும், அது வேகமா இருக்கணும்."

பேச்சு கேன்டீனோடு முடிந்திருக்கும். அதை அவன் வீட்டுச் சாப்பாட்டிலும் எடுத்தான். அவன் அப்பா காசிராஜன் எதையும் ஓட்டிப் பார்த்தே நம்புகிறவர். இரண்டு கம்ப்யூட்டர் பெட்டியையும் பக்கத்தில் வைத்து ஓட்டுங்கள், நம்முடையது தோற்றால் அது விளையாட்டுக்கு லாயக்கில்லை, மறுநாளே தறிக்கூடத்துக்கு வந்து நூல் இருப்பு எழுதட்டும் என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனார். பெட்டி போனால் கூடவே காளிராஜும் போக வேண்டும். கம்ப்யூட்டரில் எழுதத் தெரிந்தவன் அந்த வீட்டில் அவன் ஒருவன்தான். தினமும் சாயங்காலம், தறிச் சத்தத்துக்கு நடுவில், டிகிரி முடிக்கும்வரை. அதற்குப் பிறகும் விடுவார்கள் என்று எந்த உத்தரவாதமும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை ஹரி பாளையம்பட்டியிலிருந்து டவுன் பஸ்ஸில் காளிராஜ் வீட்டுக்கு வந்தான். மடியில் போர்வை சுற்றிய பெட்டி. கண்டக்டர் போர்வையை விலக்கிப் பார்த்து, குழந்தை இல்லை என்று உறுதி செய்துகொண்டு லக்கேஜ் டிக்கெட் போட்டாராம். இன்னொரு மானிட்டர் வேண்டுமே என்று எங்கள் வீட்டதை அடுத்த தெருவிலிருந்து நான் சுமந்து வந்தேன். திரையின் மூலையில் ஒரு மஞ்சள் எண் தெரியும். விநாடிக்கு எத்தனை படம் ஓடுகிறது என்று காட்டும். எண் கூடினால் பந்தய கேமில் கார் வழுக்கிக்கொண்டு போகும், குறைந்தால் திக்கும். அதை நோட்டில் குறிப்பது என் வேலை.

கேமைத் திறப்பதற்கு முன் ஹரி தன் வழக்கப்படி ரைட் கிளிக் செய்து ரெஃப்ரெஷ் கொடுத்தான். மூன்று தடவை.

"என்னலே, வேப்பிலை அடிக்கிறியா? இருக்குற படத்தத் திருப்பி வரையுது, அம்புட்டுத்தான். இதுல வேகம் எங்கருந்து வரும்? படிச்சவன் செய்ற வேலையா இது?" என்றான் காளிராஜ்.

"செஞ்சா ஒரு திருப்தி" என்றான் ஹரி. நான்காவது தடவையும் கொடுத்தான்.

பத்து ஐம்பதுக்குத் தொடங்கினார்கள். இருபது சுற்றுப் பந்தயம். காசிராஜன் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வாசல்படியில் நின்றார். ஹரியின் எண் முப்பத்து நான்கை விட்டு அசையவில்லை. காளிராஜுக்கு நாற்பத்தைந்து, நாற்பத்தாறு. அவன் சொன்னது உண்மைதான் போலிருந்தது. எட்டாவது சுற்றில் ஒற்றைக் கையால் ஓட்டினான். எது நம்முடையது என்று அப்பா கேட்டார். ஓடுறதப் பாத்தாலே தெரியலையா என்றான்.

மணி பதினொன்று ஆனது. இரண்டு திரையிலும் ஓரத்தில் ஒரே மாதிரிச் சின்னப் பெட்டி எழும்பியது. போன மாதம் இரண்டு கம்ப்யூட்டருக்கும் ஆன்டிவைரஸ் ஏற்றிக்கொடுத்தது காளிராஜ். வாரச் சோதனைக்கு ஞாயிறு பதினொன்று என்று நேரம் வைத்ததும் அவனே. வழக்கமாக அந்நேரம் அவன் கறி எடுக்கப் போயிருப்பான். அவனைக் கேட்டால் உலகமே அப்போது கறிக்கடையில்தான் நிற்கும்.

ஹரியின் எண் முப்பத்தொன்றுக்கு இறங்கியது, கார் போய்க்கொண்டிருந்தது. காளிராஜுக்கு இருபது. ஒன்பது. இரண்டு. கார் திருப்பத்தில் ஒரு சக்கரத்தைத் தூக்கியபடி அப்படியே நின்றது. ஸ்பீக்கர் ஒரே உறுமலைப் பிடித்துக்கொண்டு விடவில்லை.

"என்னாச்சு?" என்றார் காசிராஜன்.

"ஒண்ணுமில்லப்பா. யோசிக்குது."

நோட்டில் 'இரண்டு' என்று எழுதினேன். அப்போது தறிக்கூடத்துச் சத்தம் பாதியாகக் குறைந்தது. சுவருக்கு அந்தப் பக்கமிருந்து முத்துமாரியம்மாள் குரல் வந்தது.

"மொதலாளி, ரெண்டு தறியில ஒண்ணா நூலு அறுந்துபோச்சு. ஒண்ண முடிஞ்சிட்டுத்தான் அடுத்ததுக்கு வர முடியும், ஆமா."

காசிராஜன் சுவரைப் பார்த்தார். பிறகு மகனைப் பார்த்தார். "போயிட்டு வாரேன். அதுக்குள்ள இன்னொருக்கா ஓட்டி வையி. இதான் கடைசி" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஹரி இருபதாவது சுற்றை முடித்துவிட்டுத் தண்ணீர் குடிக்க எழுந்து போனான். நான் மேஜைக்கடியில் குனிந்து பேனா மூடியைத் தேடிக்கொண்டிருந்தேன். நான் இருப்பதையே காளிராஜ் மறந்துவிட்டான்.

கேம் தானாக மூடிக்கொண்டது. சோதனை ஏழு சதவீதத்தில் நின்றது. 'நிறுத்து' என்பதை அழுத்தினான். அது கேட்பதாக இல்லை. இரண்டாம் தடவை அழுத்தினான். கூடத்தில் மூன்றாவது தறி ஓடத் தொடங்கியது. நான்காவதின் சத்தம் இன்னும் வரவில்லை.

காளிராஜ் வாசலைப் பார்த்தான். ஹரி போன பக்கம் பார்த்தான். மவுஸின் மேல் விரலை மெதுவாக அழுத்தினான், சத்தம் வெளியே கேட்டுவிடும் என்பதுபோல. ரைட் கிளிக். ரெஃப்ரெஷ். திரையிலிருந்த படங்கள் எல்லாம் ஒருமுறை மறைந்து, ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன.

முற்றத்தில் செருப்புச் சத்தம் கேட்டது. அவன் இன்னொரு தடவை கொடுத்தான்.