முன்னால் போன வண்டி

யாஸ்னா ஹாரனை இரண்டு முறை அடித்தாள். சுமைக்கு வழிவிட்டுச் சாலையோரம் ஒதுங்கி நின்ற அப்பாவின் பிக்கப் வண்டியிலிருந்து கை வெளியே வரவில்லை.

வண்டியின் விளக்குகள் விட்டு விட்டு எரிந்தன. கூரைமேல் கட்டிய ஆரஞ்சுக் கொடி கடற்காற்றில் படபடத்தது. கண்ணாடிக்குப் பின்னால் பழைய தொப்பியும், தொப்பிக்குக் கீழே சற்றே குனிந்த தலையும் தெரிந்தன. அவ்வளவுதான் அவள் பார்த்தது. எட்டு மீட்டர் அகலமான சுமையை ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம் என்று இருக்கிற ஏற்றத்தில் இழுத்துக்கொண்டு போகிறவளுக்கு அதற்குமேல் பார்க்க நேரம் கிடையாது.

அவள் மைக்கை எடுத்தாள்.

"உர்ருன்னு அங்கயே உக்காந்திருங்கப்பா. நீங்க இல்லாம லோடு மேல ஏறாதுன்னு ஒரு நெனப்பு. நாங்களே போய்க்கிறோம்."

வயர்லெஸ்ஸில் ஒசாந்தோன் சிரிப்பது கேட்டது. சுமைக்குப் பின்னால், கடைசி வளைவில் மற்ற வண்டிகளை மறித்துக்கொண்டு நிற்கிற பின்பைலட் அவன். "பெரியவரச் சீண்டாத பொண்ணே. ராத்திரி சாப்பாட்டுக்கு அதே மேசைக்குத்தான் போகணும்" என்றான்.

அப்பாவிடமிருந்து பதில் இல்லை. பதில் இல்லையென்றால் எல்லாம் சரி என்று அர்த்தம். அது அவர்கள் கூட்டத்தின் சட்டம். முன்னால் போகிற பைலட், அதாவது சுமைக்கு வழிகாட்டும் வண்டியை ஓட்டுகிறவன், பாதையில் கல் கிடந்தாலோ, பனி இறங்கினாலோ, எதிரே பேருந்து வந்தாலோ மட்டும்தான் வாய் திறப்பான். திறக்கவில்லையா, பாதை சுத்தம். வளவளவென்று பேசிக்கொண்டிருந்தால் காப்பாற்ற வேண்டிய அந்த ஒரு சொல் காதில் விழாமல் போய்விடும் என்று இருபத்தெட்டு வருஷத்துக்கு முன்னால் அந்தச் சட்டத்தைப் போட்டவரே எவரிஸ்தோதான், யாஸ்னாவின் அப்பா.

அன்று அவர் கூடுதலாகவே பேசாமல் இருந்தார். அதற்குக் காரணம் யாஸ்னா.

அவள் இழுத்த சுமை, கப்பலிலிருந்து இறங்கிய, மண் தோண்டும் எக்ஸ்கவேட்டரின் உடல்பகுதி. மேலே சுரங்கத்துக்கு அணை கட்டும் வேலைக்காகக் கடல் தாண்டி வந்தது. மெஹியோனெஸ் துறைமுக வாசலில் காலையில் அதற்குச் சங்கிலி பூட்டிக்கொண்டிருந்தபோது எவரிஸ்தோ நேராக வந்து அவள் முன்னால் நின்றார்.

"அடுத்த மாசத்துலேர்ந்து நான் வேண்டாம்னு ஆபீஸ்ல சொல்லிட்டியாமே."

"டாக்டர் சொன்னதச் சொன்னேன்."

"டாக்டரா லோடு ஓட்டுறாரு?"

"அறுபத்தெட்டு வயசுப்பா உங்களுக்கு. மாடிப்படி ஏறினா மூச்சு வாங்குது. வீட்ல இருங்க."

"இருந்து? உங்கம்மாவுக்கு வெங்காயம் உரிக்கவா?"

"உரிங்களேன். கல்யாணமாகி நாப்பது வருஷத்துல ஒருநாளாவது உரிச்சீங்கன்னா அம்மா ஊரையே கூட்டிக் காட்டுவாங்க."

சுற்றி நின்ற ஆட்கள் சிரித்துவிட்டார்கள். தனியாக இருக்கும்போது சொல்லியிருந்தால் கிழவரும் சிரித்திருப்பார். ஆட்கள் முன்னால் சொன்னதுதான் தப்பாகிப் போனது. ஆடிய காலும் பாடிய வாயும் சும்மா இருக்காது என்பார்கள். இருக்கச் சொன்னால் அதற்கு ஒரு பக்குவம் வேண்டும். யாஸ்னாவுக்கு டிரெய்லர் ஓட்டத் தெரிந்த அளவுக்கு அந்தப் பக்குவம் தெரியாது. எவரிஸ்தோ சங்கிலிகளை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தார். எல்லாம் சரியாக இருந்ததில் இன்னும் கோபம் வந்தவர்போல் வண்டியில் ஏறி முன்னால் போய்விட்டார்.

ஒதுங்குமிடத்தைத் தாண்டி அரைமணி நேரம் அவள் ஏறிக்கொண்டே இருந்தாள். ஆள் நடக்கிற வேகம்தான். அவள் வண்டி முன்னால் இழுக்க, இன்னொரு லாரி பின்னாலிருந்து தள்ளியது. அந்த ஏற்றத்தில் நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் சங்கிலி தாங்குமா, டயர் பிடிக்குமா, சுமை பின்னால் இருக்கிறவன்மேல் போய் உட்காருமா என்பதெல்லாம் கடவுள் விட்ட வழி. விபத்தில் செத்தவர்களுக்காகச் சாலையோரம் பொம்மை வீடுகள்போல நிற்கிற நினைவுக் கூண்டுகளில் பாதி, அங்கே நிறுத்தியவர்களுடையதுதான்.

உச்சியில் சமவெளி வந்ததும் ஓரம்கட்டினாள். காவல்துறை வண்டி அங்கே எதிர்வரும் லாரிகளை மறித்து நிறுத்தியிருந்தது. அப்பா பின்னாலேயே ஏறி வந்து, இங்கே அவளை முந்திக்கொண்டு முன்னே போவார். எப்போதும் அப்படித்தான். அவள் டயர்களைத் தட்டிப் பார்த்தாள். ரொட்டியைப் பிளந்து அவகாடோவை மசித்துத் தடவினாள். தன் பங்குக்கு உப்புத் தூவிக்கொண்டு, அவர் பங்கை உப்பில்லாமல் தாளில் சுற்றி வண்டியின் முன்பலகைமேல் வைத்தாள். உப்பில்லை என்று அதற்கும் ஒரு சண்டை வரும். அந்தச் சண்டையில் இந்தச் சண்டை கரைந்துவிடும் என்று அவளுக்கு ஒரு கணக்கு.

வயர்லெஸ்ஸில் ஒசாந்தோன் வந்தான்.

"யாஸ்னா, லோட நிறுத்திட்டியா?"

"நிறுத்தியாச்சு. அப்பா எங்க? ரொட்டி காயுது."

"கை பிரேக் போட்டுட்டியா?"

"போட்டாச்சு."



"உக்காந்துக்க பொண்ணே. கீழ எதையாவது புடிச்சுக்கிட்டு உக்காந்துக்க. உங்கப்பா வண்டிகிட்டதான் நிக்கிறேன்."

அவள் உட்காரவில்லை. ரொட்டிப் பொட்டலத்தைக் கையில் எடுத்துக்கொண்டு இறக்கத்தில் ஓடினாள். காவலர் ஒருவர் ஓடிவந்து அவளைத் தன் வண்டியில் ஏற்றிக்கொள்ளும்வரை ஓடினாள்.

*

சவப்பெட்டியைக் கூடத்தில் வைத்திருந்தார்கள். அக்கம்பக்கத்தார் காபியும் ரொட்டியும் கொண்டுவந்து கொண்டுவந்து சமையலறையில் நிற்க இடமில்லை. அம்மா நீவெஸ் பெட்டியின் தலைமாட்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். அவள் அழுது முடித்திருந்தாள், அல்லது இன்னும் தொடங்கவில்லை, யாஸ்னாவுக்குப் புரியவில்லை.

முதல் நாள் மாலையே அம்மா கேட்டுவிட்டாள்.

"நீ அவரத் தாண்டித்தானே போன? உன்னப் பாத்தாரா?"

"பாத்தாரும்மா."

"கை காட்டினாரா? எப்பவும் காட்டுவாரே."

யாஸ்னா அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். "காட்டினாரு" என்றாள்.

அந்தப் பொய் வீட்டுக்குள்ளேயே சாப்பிட்டு வளர்ந்தது. வருகிறவர்களிடமெல்லாம் அம்மா சொன்னாள்: மகள் லோடோடு தாண்டிப் போகும்போது கை காட்டினார், அப்புறம்தான் உயிர் போனது. இரவுக்குள் அவர் சிரிக்கவும் செய்துவிட்டார். மறுநாள் காலையில் ஜன்னலுக்கு வெளியே தலை நீட்டி, பார்த்துப் போ என்றும் சொல்லிவிட்டார். கேட்டவர்கள் யாஸ்னாவின் தோளைத் தொட்டு, குடுத்து வச்சவ நீ என்றார்கள். அவள் பின்கட்டுக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு, தண்ணீர்ச் சத்தத்தில் அழுதாள்.

அங்கேதான் ஒசாந்தோன் அவளிடம் வந்தான். பெரிய தொந்தியும் சின்னக் குரலும் உள்ள மனிதன். கையில் காபிக் கோப்பையை வைத்துக்கொண்டு குடிக்காமல் நின்றான்.

"நான் சொன்னத அவரு கேட்டிருப்பாரா?" என்றாள் யாஸ்னா. "மைக்ல சொன்னேனே, அங்கயே உக்காந்திருங்கன்னு. அப்ப உயிர் இருந்துச்சா?"

"அதெல்லாம் ஆருக்குத் தெரியும்."

"நீங்க போனப்ப உடம்பு சூடா இருந்துச்சுன்னீங்க."

"வெயில்ல நின்ன வண்டி. எல்லாம் சூடாத்தான் இருக்கும்."

"ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம் அவரு. நெஞ்சு வலிக்குதுன்னு."

"சொல்லியிருந்தா நீ என்ன பண்ணியிருப்ப?"

அவள் குழாயை இறுக்கி மூடினாள்.

"பிரேக்கப் போட்டிருப்ப. அந்த ஏத்தத்துல. அது அவருக்குத் தெரியாதா? வண்டிய எவ்வளவு ஒழுங்கா ஒதுக்கி நிறுத்தியிருந்தாரு தெரியுமா. கோடு போட்ட மாதிரி. லோடு உரசாமப் போகணும்னு கண்ணாடியக் கூட மடக்கி வச்சிருந்தாரு." ஒசாந்தோன் காபியை ஒரு வாய் குடித்தான். "அப்புறம் இன்னொன்னு. வயர்லெஸ் அணைஞ்சிருந்துச்சு. நான் போனப்ப அணைச்சுத்தான் இருந்துச்சு. உன்மேல கோவத்துல அணைச்சிருப்பாரு. நீ பேசினது எதுவும் அவரு காதுல விழல. போதுமா?"

"நெசமாவா?"

"பொணம் கெடக்கிற வீட்ல பொய் சொல்லுவேனா?"

அவள் தலையாட்டினாள். கோபத்தில் அணைத்துவிட்டார். இருக்கும். இதுவரை ஒருநாளும் அணைத்ததில்லை, ஆனால் அன்று வந்த கோபம் அப்படி. அன்றிரவு பெட்டியருகே சுவரில் சாய்ந்தபடி அவள் இரண்டு மணி நேரம் தூங்கினாள்.

*

பைலட் ஒருவன் செத்தால் கல்லறைக்கு அவனுடைய வண்டிதான் முன்னால் போகவேண்டும். வீட்டு ஆள் ஒருவர் ஓட்டவேண்டும். யாரும் எழுதிவைக்கவில்லை, ஆனால் அந்த ஊரில் அதை மீறி ஒரு சாவும் போனதில்லை. எவரிஸ்தோவின் பிக்கப்பை ஒதுங்குமிடத்திலிருந்து இழுவை வண்டியில் ஏற்றிக்கொண்டுவந்து வாசலில் இறக்கியிருந்தார்கள். ஒசாந்தோன் சாவியைத் திருப்பி இன்ஜினை நிறுத்தியதற்குப் பிறகு யாரும் அதைக் கிளப்பவில்லை. யாரோ கொடியை மட்டும் துவைத்துக் கட்டியிருந்தார்கள்.

தெரு முழுக்க லாரிகள் நின்றன, சுமையில்லாமல், கழுவித் துடைத்து. பெட்டியைச் சவ வண்டியில் ஏற்றினார்கள். யாஸ்னா பிக்கப்பில் ஏறினாள். அம்மா பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டாள். இருக்கை அப்பாவின் உயரத்துக்குத் தள்ளியிருந்தது. யாஸ்னா அதை முன்னால் இழுக்காமல், காலை எட்டிப் போட்டு உட்கார்ந்தாள். வெளியே மடங்கியிருந்த பக்கக் கண்ணாடியை விரித்தாள். சாவியைத் திருப்பினாள்.

வயர்லெஸ் அலறியது.

"...எல்லாரும் ரெடியா? மூணாவது லாரி, கொஞ்சம் பின்னால வா..."

கடைசி வண்டியிலிருந்து பேசும் ஒசாந்தோனின் சின்னக் குரல் வண்டிக்குள் இடிபோல விழுந்தது. யாஸ்னாவின் கை சாவியிலேயே நின்றது. வயர்லெஸ்ஸின் குமிழைப் பார்த்தாள். அணைத்து வைத்திருந்தால், சாவி போட்டாலும் அது வாய் திறக்காது. குமிழ் கடைசிவரை திருகியிருந்தது.

"அப்பப்பா, என்ன சத்தம்," என்றாள் அம்மா. "வலது காது போனதுலேர்ந்து இப்படித்தான். அலறவிட்டுட்டுத்தான் ஓட்டுவாரு." குமிழைக் குறைக்கக் கை நீட்டினாள்.

"இருக்கட்டும்மா."

அம்மா கையை எடுத்துக்கொண்டாள். அந்த வயர்லெஸ் பெட்டியையே பார்த்தாள். பிறகு முதல் முறையாக அவள் உதடு கோணியது.

"அப்ப நீ பேசினதெல்லாம் அவருக்குக் கேட்டிருக்கும். கடைசியா உன் குரலக் கேட்டுக்கிட்டே போயிருக்காரு." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அவருக்கு அது போதும் கண்ணு. என்ன சொன்ன அவருகிட்ட?"

யாஸ்னா கியரைப் போட்டாள். வண்டி தெருமுனைவரை ஊர்ந்தது. முனையில் நின்று இரண்டு பக்கமும் பார்த்தாள். இடப்பக்கம் கடல், வலப்பக்கம் கல்லறைச் சாலை. எதிரே ஒரு வண்டியும் இல்லை.

"யாஸ்னா," என்றது வயர்லெஸ். "முன்னால எப்படி இருக்கு?"

அவள் மைக்கை எடுத்தாள். பட்டனை அழுத்தினாள். வாய் திறந்தது, குரல் வரவில்லை. பட்டனை விட்டாள்.

ஒசாந்தோன் மறுபடி கேட்கவில்லை. கண்ணாடியில் சவ வண்டி மெதுவாகத் திரும்பி அவள் பின்னால் வந்தது. அதன் பின்னால் ஒவ்வொன்றாக லாரிகள் திரும்பின.