காலி வட்டங்கள்

மணி அடிக்கச் சற்று நேரமே இருந்தது. டீச்சர் தன் விடைத்தாளை ஒருமுறை மேலிருந்து கீழாகப் பார்த்தாள். நிரப்பாமல் விட்ட வட்டங்கள் அங்கங்கே பல்லை இளித்தன. சுற்றி இருந்தவர்களில் பாதிப் பேருக்கு அவளிடம் படித்த பிள்ளைகளின் வயதுதான். காலையில் அவள் உள்ளே நுழைந்தபோது, மேற்பார்வைக்கு வந்தவள் என்று நினைத்து ஒருத்தி எழுந்து வணக்கம்கூடச் சொல்லிவிட்டாள்.

முனைவர் பட்ட நுழைவுத் தேர்வு இந்த வருடம் அடியோடு மாறியிருந்தது. முன்பெல்லாம் ஆராய்ச்சி முறை ஒரு பகுதி, பாடம் ஒரு பகுதி. பாடத்தைப் பக்கம் பக்கமாக எழுதலாம். இப்போது இரண்டுமே வட்டம் நிரப்புவதுதான். தப்பான விடைக்குக் கால் மார்க் போகும். விட்டுவிட்டால் ஒன்றும் போகாது. கல்லூரியில் படிக்கும் மகள் இதைப் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள்.

"தெரியலன்னா விட்டுடும்மா. கைய சும்மா வெச்சுக்க."

அம்மாவும் சமர்த்தாகத் தலையாட்டினாள். ஆனால் தொட்டில் பழக்கத்தைவிடப் பொல்லாதது தொழில் பழக்கம். தெரியாவிட்டாலும் எதையாவது எழுதி வை, வெறும் தாளைக் கொடுக்காதே என்று வருடக்கணக்காக வகுப்பில் தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்தியவள் அவள். அப்படிப் பிள்ளைகள் எழுதிய அரை வரிக்கு அரை மார்க் போட்டு எத்தனையோ பேரைக் கரையேற்றியிருக்கிறாள். காலி வட்டத்தைப் பார்க்கப் பார்க்கக் கை பரபரத்தது. ஒன்று விடாமல் நிரப்பிக் கொடுத்துவிட்டு, நிம்மதியாக வெளியே வந்தாள்.

கல்யாணம், பிரசவம், படுக்கையில் கிடந்த மாமியார் என்று தள்ளிக்கொண்டே போன ஆசை இது. அவளுக்கு எம்.எஸ்ஸி.யில் பாடம் எடுத்த பேராசிரியர் ஓய்வு பெறப் போகிறார். கடைசியாக ஒரே ஒருவரைச் சேர்த்துக்கொள்ள அவருக்கு அனுமதி. பள்ளிக்கூடச் சுவரில் படரும் பாசியைப் பற்றி அவள் பேசக் கேட்டு, இதையே ஆராய்ச்சியாகச் செய்யுங்கள் என்று அந்த இடத்தை அவளுக்காகவே வைத்திருந்தார். அவருக்குப் பிறகு அங்கே இதற்கு வழிகாட்ட ஆள் கிடையாது.

அந்த வாரமே விடைகள் வெளியாயின. டீச்சர் வினாத்தாளில் குறித்து வந்ததை வைத்து மகள் மார்க்கைக் கூட்டினாள். மறுபடியும் முதலிலிருந்து கூட்டினாள்.

"கடைசில எதையாவது நிரப்புனியா?"

"எல்லாத்தையும்."

"விட்டிருந்தா பாஸும்மா."

சொன்ன பிறகுதான் மகள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். தெரியாமல் தோற்றிருந்தால்கூட டீச்சருக்கு மனசு ஆறியிருக்கும். தெரிந்ததே போதுமாக இருந்தும் தோற்றதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

சாயங்காலம் பேராசிரியர் போன் செய்தார்.

"போச்சு சார்," என்றாள்.

"திங்கக்கிழமைக்குள்ள பேரு குடுக்கணும்மா. பாஸான பொண்ணு ஒண்ணு கேட்டுட்டே இருக்கு. நீங்க சொல்லாம நான் குடுக்க மாட்டேன்," என்றார்.

டீச்சர் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"அந்தப் பொண்ணுக்கே குடுத்துடுங்க சார். எங்க ஸ்கூல் பின்பக்கச் சுவர்ல பாசி நல்லா பிடிச்சிருக்கு. மழை நின்னதும் வந்து பாக்கச் சொல்லுங்க. நான் காட்டுறேன்."

போனை வைத்துவிட்டுத் திரும்பினாள். சமையலறையில் மகள், கழுவிக் கவிழ்த்திருந்த டம்ளர்களையே ஒவ்வொன்றாக எடுத்து, குழாயை முழுதாகத் திறந்துவிட்டுக் கழுவிக்கொண்டிருந்தாள்.