கரன்ட் வைத்த கால்

சிங்கப்பூரில் சுவா சூ காங் பக்கத்துக் குதிரை லாயத்தில், பின்னங்கால் அடிபட்ட குதிரைக்குத் தொடையில் பட்டை ஒட்டி கரன்ட் கொடுத்தார்கள். கரன்ட் ஓடும்போதே நடந்தால்தான் தசை தேறுமாம். முதல் நாளே அது மிரண்டு உதைத்ததில், பிடித்து நடத்திய முத்துராமனின் முழங்கால் போனது. குதிரைக்கு ஆறு வார ராஜவைத்தியம். அவருக்கு ரெண்டு நாள் எம்சி லீவு, ஒரு டப்பா தைலம். காலை இழுத்துக்கொண்டே குதிரையோடு நடந்தார்.

கெடு முடிந்தும் குதிரை தாங்கித் தாங்கியே நடந்தது. குதிரை டாக்டர் யாமினி கயிற்றைச் சூப்பர்வைசர் சுரேந்தரிடம் கொடுக்கச் சொன்னார். குதிரை ஜம்மென்று நடந்தது.

"இதுக்கு ஒண்ணுமில்ல லா. இவர் நடைக்கு ஏத்த மாதிரி நடந்திருக்கு. ஆள மாத்துங்க" என்றார் டாக்டர்.

ஆறு வாரமாக முத்துராமனின் காலைக் கவனித்தது, உதைத்த அந்தக் குதிரை ஒன்றுதான்.