பத்தொன்பது நாள் கழித்து வந்த அடிகள்

பழைய சாம்பியன் மேல் விழுந்த எந்த அடியும் பத்தொன்பது நாள் கழித்துத்தான் அவரை வந்து சேர்ந்தது. நாற்பத்தோராவது வயதில் ஆரம்பித்த வழக்கம் இது. டயர் பட்டறையில் லாரிக் கதவு இடுக்கில் அவருடைய சுண்டுவிரல் மாட்டிக்கொண்டபோது, விரலை உருவிக்கொண்டு அடுத்த டயரைத் தூக்கப் போய்விட்டார். முதலாளிதான் பதறிப்போய் எக்ஸ்ரே எடுக்க வைத்தார். அதில் ஒரு கீறல்கூட இல்லை. பத்தொன்பதாம் நாள் அதே நேரத்துக்கு, தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தவர் வீடே அதிர அலறினார். விரல் எலும்பு இரண்டாக உடைந்திருந்தது. டாக்டர் இரண்டு எக்ஸ்ரேக்களையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, சிலருக்கு இப்படி இருப்பதுண்டு, தேதி போட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள் என்றார். சாம்பியனின் மனைவி டெய்லர், பள்ளிச் சீருடை தைக்கிறவள். அளவு எழுதும் நோட்டின் கடைசிப் பக்கங்களில் கணவர் இடித்துக்கொண்டது, வழுக்கி விழுந்தது எல்லாவற்றையும் எழுதி வைத்தாள். நாள் நெருங்கினால் காலையிலேயே மருந்து வாங்கி வைத்துவிடுவாள். ஐந்து வருஷம் அப்படியே ஓடியது.

சாம்பியன் என்று நான் எழுதுகிறேனே தவிர, ஊரில் அவருக்கு வேறு பெயர். ஒன்பது வருஷம் குத்துச்சண்டையில் ஹெவிவெயிட் பட்டத்தை யாருக்கும் விட்டுக்கொடுக்காத மனுஷன், நாற்பது வயதில், ஊரே டிக்கெட் வாங்கி உட்கார்ந்திருந்த ஒரு மேட்சில், நாற்பதாவது செகண்டில் மல்லாந்துவிட்டார். கொஞ்சம் லேட்டாக வந்தவர்கள் அவரை ஸ்ட்ரெச்சரில்தான் பார்த்தார்கள். அன்றிலிருந்து அவர் 'நாப்பது செகண்டு'. பஸ் எப்போது வரும் என்று யாராவது கேட்டால், நாப்பது செகண்டில் வந்துவிடும் என்று சொல்லிவிட்டு அவர் பக்கம் கண்ணடிப்பார்கள். நல்ல ஜனங்கள்தான், வாய்தான் சும்மா இருக்காது. அவரும் கூடச் சேர்ந்து சிரிப்பார். வீட்டுக்கு வந்ததும் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொள்வார்.

அந்தச் சமயத்தில்தான் ரோலர் வந்தான். ரோடு போடுகிற ரோலர் மாதிரி எதிரில் வந்த எதையும் நசுக்கிவிட்டுப் போனதால் அந்தப் பெயர். இருபத்து நாலு வயது, இருபத்தொரு மேட்ச். அவனுக்கு எதிரில் நாலாவது ரவுண்டைப் பார்த்தவன் ஒருத்தன்கூடக் கிடையாது. தோற்றவர்களில் ஒருவருக்கு இன்றைக்கும் ஸ்பூனால்தான் ஊட்டிவிடுகிறார்கள். அவனோடு மோத ஆளே கிடைக்காமல் மேட்ச் நடத்துகிறவர்கள் வீடு வீடாக அலைந்தபோது, நாற்பத்தாறு வயதுச் சாம்பியன் தானாகவே போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார். அவர் கணக்கு எளிமையானது. விழுகிற அடி பத்தொன்பது நாளைக்கு வலிக்காது என்றால், ரிங்கில் அவரை யார் விழவைக்க முடியும்?

"அதுக்கப்புறம்?" என்று கேட்டாள் மனைவி.

"அதுக்கப்புறம் செத்தாலும் சாம்பியனா சாவேன். நாப்பது செகண்டா சாகமாட்டேன்."

அவள் அழுது பார்த்தாள், இரண்டு நாள் அடுப்பே பற்ற வைக்காமல் இருந்து பார்த்தாள். மனுஷன் அசையவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு மேட்ச். சும்மா சொல்லக் கூடாது, ரோலர் தன் வேலையை ஒழுங்காகச் செய்தான். தாடை, விலா, வயிறு, கண்ணுக்கு மேலே என்று ஒரு இடம் பாக்கி வைக்கவில்லை. சாம்பியன் நின்றார். வீக்கமில்லை, ரத்தமில்லை, மூச்சு மட்டும் வயதுக்கேற்ப வாங்கியது. அவர் பதிலுக்குக் கொடுத்தவை சுமார்தான், ஆனால் கொடுத்துக்கொண்டே இருந்தார். எட்டாவது ரவுண்டில் இரண்டு நிமிஷம் தாண்டியதும் ரோலர் உடம்பு முழுவதையும் திருப்பி வலது கையால் காதோரத்தில் ஒன்று வைத்தான். பீரோ சாய்ந்த மாதிரி சத்தம் கடைசி வரிசை வரைக்கும் கேட்டது. பலர் கண்ணை மூடிக்கொண்டார்கள். திறந்தபோது சாம்பியன் அதே இடத்தில் நின்று கையுறையால் மூக்கைத் தேய்த்துக்கொண்டிருந்தார். அதற்கப்புறம் ரோலர் அடிப்பதைக் குறைத்துப் பின்வாங்க ஆரம்பித்துவிட்டான். பதினோராவது ரவுண்டுக்கு மணி அடித்தபோது ஸ்டூலை விட்டு எழுந்திருக்க மாட்டேன் என்று சின்னப் பிள்ளை மாதிரி தலையை ஆட்டினான். பட்டத்துக்குரிய பெல்ட் சாம்பியனின் இடுப்புக்கு வந்தது.

அந்தப் பத்தொன்பது நாளும் ஊர் அவரைத் தரையில் நடக்கவிடவில்லை. டயர் பட்டறை வாசலில் கையெழுத்துக்கு வரிசை நின்றது. பஸ் ஸ்டாப்பில் எழுந்து இடம் கொடுத்தார்கள். ஆறு வருஷமாகச் சுவரைப் பார்த்துப் படுத்தவர் இப்போது மல்லாந்து படுத்து, கூரையைப் பார்த்துத் தனியாகச் சிரித்தார். அவர் சிரிக்கச் சிரிக்க அவள் நோட்டோடு உட்கார்ந்தாள். மேட்சின் பதிவை நிறுத்தி நிறுத்திப் பார்த்து, எந்த ரவுண்டு, எந்த நிமிஷம், உடம்பில் எந்த இடம் என்று ஒவ்வொரு அடியையும் நோட்டில் எழுதினாள். முந்நூற்றுப் பதினாலு வந்தது. நோட்டை டாக்டரிடம் கொண்டுபோனாள். ஏழு ரவுண்டு வரைக்கும் படித்துவிட்டு, விலா எலும்பு போகும், தையல் போடலாம், பிழைத்துக்கொள்வார் என்றார் டாக்டர். எட்டாவது ரவுண்டின் அந்த அடியைப் பதிவில் பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"இது மட்டும் வரக் கூடாதும்மா. வந்தா என் கையில ஒண்ணுமில்ல."

வராமல் இருக்க என்ன செய்வது? ஹெல்மெட் போட்டுப் பயனில்லை, அடி ஏற்கெனவே விழுந்தாயிற்று. வேறு ஊருக்குக் கூட்டிக்கொண்டு போய்விடலாம் என்றாலும், முன்பொரு முறை பட்டறையில் இடித்துக்கொண்டது முந்நூறு மைல் தள்ளி ஒரு கல்யாண மண்டபத்தில் சரியாக வந்து சேர்ந்திருக்கிறது. வீட்டுக் கடிகாரங்களை எல்லாம் நிறுத்தி வைத்தாள். அது எவ்வளவு பைத்தியக்காரத்தனம் என்று அவளுக்கே தெரியும். பதினேழாம் நாள் வேறு வழி தெரியாமல் ரோலர் வீட்டுக்கே போனாள். ஜன்னல் திரையை இழுத்து மூடிக்கொண்டு, பேயறைந்தவன் போல அவன் சோபாவில் உட்கார்ந்திருந்தான். எதிரில் தரையில் உட்கார்ந்து, எட்டாவது ரவுண்டில் கொடுத்த அந்த ஒன்றை மட்டும் திருப்பி எடுத்துக்கொள் என்று கெஞ்சினாள்.

"குடுத்தத எப்படிக்கா திரும்ப வாங்குறது?" என்று அவனும் அழுதான். "அன்னிக்கே உங்க தம்பி ஓரத்துல இருந்து துண்ட எறிஞ்சிருக்கக் கூடாதா? எறிஞ்சிருந்தா அத்தோட மேட்ச் முடிஞ்சிருக்கும். நானும் அதையேதான் வேண்டிக்கிட்டிருந்தேன்."

குத்துச்சண்டையில் அது சட்டம். வீரனின் ஆட்கள் ரிங்குக்குள் துண்டை வீசினால் அந்த நொடியே சண்டை நின்றுவிட வேண்டும். துண்டு விழுந்த பக்கம் தோற்ற பக்கம். சாம்பியனின் ஓரத்தில் எப்போதும் நிற்பவன் அவளுடைய தம்பிதான். துண்டை எடுத்தால் வீட்டுப் படியேறாதே என்று மாமா சொல்லியிருந்ததால் அவன் இதுவரை எடுத்ததில்லை. அவள் வீட்டுக்கு வந்து சீருடைத் துணியில் ஒரு முழம் வெள்ளை வெட்டி, ஓரம் மடித்துத் தைத்தாள்.

பத்தொன்பதாம் நாள், வெள்ளிக்கிழமை, நாலு மணிக்கு முன்பே ஹாலைக் காலி செய்து, சுவரெல்லாம் மெத்தை சாத்தி வைத்தார்கள். படுத்துக்கொள்ளச் சொன்னால் அவர் கேட்கவில்லை. அரைக்கால் சட்டையோடு நடுவில் நின்றார். பெல்ட் சுவரில் தொங்கியது. டாக்டர் கையில் கடிகாரம். நாலு மணிக்கு முதல் அடி தாடையில் வந்தது. அப்புறம் வரிசையாக வந்தன. ஆள் இல்லாத அடிக்கு அவர் முகம் திரும்புவதையும், உதடு கிழிவதையும், விலா ஒடிகிற சத்தத்தையும் மூன்று பேரும் பார்த்துக்கொண்டும் கேட்டுக்கொண்டும் நின்றார்கள். மூன்று நிமிஷத்துக்கு ஒருமுறை அடி நிற்கும். தம்பி ஓடிவந்து வாய்க்குத் தண்ணீர் கொடுத்து ரத்தத்தைத் துடைப்பான். இரண்டாவது ரவுண்டிலேயே தம்பி, "அக்கா, போதும், எறிஞ்சிடு" என்று காலில் விழாத குறையாகக் கேட்டான். அவள் எறியவில்லை. அவள் மனதில் ஒரு பங்கு பிரித்திருந்தாள். ஏழு ரவுண்டு அவருக்கு, எட்டாவது எனக்கு. எட்டாவதில் இரண்டு நிமிஷம் ஆகிவிட்டது என்று டாக்டர் சொன்னதும் வெள்ளைத் துணியை அவர் காலடியில் வீசினாள்.

எங்கிருந்தோ மணி அடித்தது. அடிகள் நின்றன. சுவரில் பெல்ட் தொங்கிய இடத்தில் ஆணி மட்டும் இருந்தது. ஊரிலும் அந்த நிமிஷத்தோடு விஷயம் மாறிவிட்டது. மேட்சுக்கு மறுநாள் வந்த பத்திரிகையில் இப்போது ரோலரின் கையைத்தான் ரெஃபரி தூக்கிப் பிடித்திருந்தார். எட்டாவது ரவுண்டில் துண்டு விழுந்ததை நேரில் பார்த்ததாகவே எல்லோரும் சொன்னார்கள், இன்றும் சொல்கிறார்கள். அடி நின்றதும் தரையில் சரிந்தவர் துணியைப் பார்த்தார், ஆணியைப் பார்த்தார்.

"ஜெயிச்சிருந்தேன்டி," என்றார். "உன்ன யாரு எறியச் சொன்னா?"

அவள் உட்கார்ந்து இரண்டு கையாலும் அவர் தோளிலும் மார்பிலும் அடித்தாள். பாவி மனுஷா, பாவி மனுஷா என்று சொல்லிச் சொல்லி அடித்தாள். டாக்டர்தான் பிடித்து விலக்கினார்.

அதற்கப்புறம் சாம்பியன் அவளோடு பேசவில்லை. தையல் பிரித்தார்கள், விலா கூடிவந்தது, அவர் மறுபடி சுவர் பக்கம் திரும்பிக்கொண்டார். அவள் பரிமாறியதை அவள் போன பிறகு சாப்பிட்டார். தோற்க வைத்தவளுக்கு இது வேண்டியதுதான் என்று அவளும் வாய் திறக்காமல் தைத்துக்கொண்டிருந்தாள். பத்தொன்பதாம் நாள், புதன்கிழமை நாலரை மணிக்கு, கட்டிலில் கிடந்தவர் திடுக்கிட்டு எழுந்து உட்கார்ந்தார். தோளில் ஒன்று, மார்பில் ஒன்று, மறுபடி தோளில். சின்னக் கையின் அடிகள். சாகாமல் இருந்ததற்காக வாங்கிய அடிகள். அவர் கையைத் தொங்கவிட்டுக்கொண்டு ஒவ்வொன்றையும் வாங்கினார். கண்ணில் தண்ணீர் நிற்கவில்லை.

"வந்துச்சு," என்றார்.

தையல் மிஷின் நின்றது. "எத்தன?"

"பதினொண்ணு."

"பன்னண்டு. அன்னிக்குச் சாயங்காலம் பால் குடிக்க மாட்டேன்னு மூஞ்சியத் திருப்பினீங்கள்ல, அப்ப ஒண்ணு வெச்சேன்."

அது எத்தனை மணிக்கு என்று கேட்டார். ஆறு என்றாள். ஆறு மணிக்கு அவர் சட்டையைக் கழற்றிவிட்டுக் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டார். அவள் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.