ஸ்டேஷன் கேமரா

சத்யபாமாவுக்கு மூத்த மகன் முகம் தெரிவது சாயங்காலத்தில்தான். பபேடான் பேட்டையில் கரண்ட் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அந்த நேரத்துக்குப் போனில் சார்ஜ் வைத்திருப்பாள். ஜெர்மனியில் சின்னச் சின்ன ஊர்களுக்கு நடுவே ஓடுகிற பழங்கால நீராவி ரயிலில் கரி அள்ளிப் போடுகிறான் கார்த்திகேசன். குறுகலான தண்டவாளம், குட்டி ரயில். அந்தப் புகையைப் பார்க்க ஜனங்கள் காசு கொடுத்து வருகிறார்களாம்; எந்த ஊரில் என்ன கிறுக்கு பாருங்கள். அவர்களுக்காக ஸ்டேஷனில் ஒரு கேமரா வைத்திருக்கிறார்கள். அவனோடு பேசுவதென்றால் பட்டாள ஆட்சி போட்ட தடையைத் தாண்ட வி.பி.என். அது இதென்று ஆயிரம் தொல்லை. கேமரா மட்டும் தொட்டவுடன் திறக்கும். ரயில் நின்றதும் அவன் கரி முகத்தோடு இறங்கி, அம்மாவுக்குக் கையாட்டுவான்.

சின்னவன் பாலாவும் கூட உட்கார்ந்து பார்த்தவன்தான். சூலே பகோடா பக்கம் பஸ் ஏறப் போனவனைப் பட்டாளத்துக்குப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். எந்த முகாம் என்றுகூடத் தெரியவில்லை.

இதை மூத்தவனிடம் எப்படிச் சொல்வது? ஆள் பிடிக்கும் சட்டம் வந்த அன்றைக்கே அவன் சொல்லிவிட்டான்: "தம்பி மேல கை வச்சாங்கன்னா நான் வந்து நிப்பேன்மா. என்னை எடுத்துக்கிட்டு அவனை விடட்டும்."

சொன்னதைச் செய்கிற பயல். வந்தால் இரண்டு பேரையும் வைத்துக்கொள்வார்களே தவிர, ஒருத்தனையும் விடமாட்டார்கள். அதனால் பாலாவுக்கு டெங்கு என்று அளந்துவிட்டாள். தம்பி குரலையாவது கேட்கணும் என்று மூத்தவன் நச்சரிக்க, தொண்டை கட்டியிருக்கிறது, தூங்குகிறான், ஆஸ்பத்திரியில் போன் கூடாது என்று பொய் வளர்ந்துகொண்டே போனது. பெற்றவளுக்கு வேறு என்ன வழி?

இன்றைக்கு ரயில் வந்தபோது கார்த்திகேசன் எஞ்சினிலிருந்து இறங்கவில்லை. கழுவிய முகமும் கோட்டுமாகப் பிளாட்பாரத்தில் நின்றுகொண்டிருந்தான். காலடியில் பெரிய பெட்டி. கேமராவைப் பார்த்துச் சிரித்து, பெட்டியைத் தட்டிக் காட்டினான். பிறகு பயணிகளோடு பயணியாக ஏறிக்கொண்டான். சீக்காளித் தம்பியைப் பார்க்கக் கிளம்பிவிட்டான்.

"வராத ஐயா, வராத," என்று போனைப் பிடித்துக்கொண்டு கதறினாள் சத்யபாமா. கேமராவுக்குக் காது ஏது? ரயில் போய்விட்டது.

எல்லாம் தெரிந்த பக்கத்து வீட்டு ஹுஸ்னா சத்தம் கேட்டு ஓடிவந்தாள். விஷயத்தைக் கேட்டதும் வி.பி.என். போட்டு, அவன் நம்பரை எடுத்துப் போனை நீட்டினாள். இப்போதே பேசுங்கள், டெங்குவும் இல்லை ஒன்றும் இல்லை என்று உண்மையைச் சொல்லிவிடுங்கள் என்றாள்.

சத்யபாமா கை நீட்டவில்லை.

"உண்மையைச் சொன்னா இன்னும் வேகமா வருவான் ஹுஸ்னா."